எச்.ஐ.வி.யோடு கர்ப்பமும் பிரசவமும்: எப்போது என்ன செய்வது, எந்தக் காகிதம் கையில் வேண்டும்

எச்.ஐ.வி. உள்ள பெண், எச்.ஐ.வி. இல்லாத குழந்தையைப் பெற முடியும். மருந்தே எடுக்காமல் விட்டால் கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் மூன்றின் வழியாகவும் குழந்தைக்குத் தொற்று போக 15 முதல் 45 சதவீதம் வரை வாய்ப்பு இருக்கிறது. தினமும் மருந்து எடுத்து, பிரசவ நேரத்தில் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தால், கர்ப்பத்திலும் பிரசவத்திலும் அந்த வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

இந்த வேலையை மருந்து செய்துவிடும். சிக்கல் வேறு இடத்தில். எச்.ஐ.வி. மருத்துவர் ஓர் இடம், மகப்பேறு மருத்துவர் இன்னோர் இடம், குழந்தை மருத்துவர் மூன்றாவது இடம். என் விஷயத்தில் இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவரிடம் நான்தான் கொண்டுபோய்க் காட்டினேன், நான்தான் ஞாபகப்படுத்தினேன். உங்களுக்கு அந்த அலைச்சல் குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் சொல்வதையே செய்யுங்கள். ஆனால் ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க முடிந்தால்

ஏற்கெனவே கர்ப்பம் என்றால் இதைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

முதல் வேலை, குழந்தை பெற நினைக்கிறீர்கள் என்பதை எச்.ஐ.வி. மருத்துவரிடம் சொல்வது. சிலருக்கு மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். உதாரணமாக, கோபிசிஸ்டாட் என்ற துணை மருந்து சேர்ந்த கூட்டு மருந்துகளின் அளவு கர்ப்பத்தின் பிற்பாதியில் ரத்தத்தில் குறைந்துபோகிறது. அதை அப்போது மாற்றுவதைவிட இப்போதே மாற்றி, புது மருந்தில் வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) நிலையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

துணைவருக்கு எச்.ஐ.வி. இல்லையென்றால், உங்கள் வைரல் லோடு தொடர்ந்து கண்டறிய முடியாத அளவில் இருக்கும்வரை உடலுறவு வழியாக அவருக்குத் தொற்று போகாது. இயல்பாகவே கருத்தரிக்கலாம். வைரல் லோடு இன்னும் இறங்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள், அல்லது அவருக்குத் தடுப்பு மாத்திரை தர முடியுமா என்று கேளுங்கள். அவர் இதுவரை பரிசோதனையே செய்துகொள்ளவில்லை என்றால் அதை முடித்துவிடுங்கள்.

ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம். இது எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான். கூடவே ஹெபடைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ் பரிசோதனைகளையும் எடுத்து, காசநோய் அறிகுறி ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டால் பிற்பாடு ஓட வேண்டியதில்லை.

2. கர்ப்பம் உறுதியான முதல் வாரம்

மருந்தை நிறுத்தாதீர்கள். இதை முதலில் எழுதக் காரணம், அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 'முதல் மூன்று மாதம் எந்த மாத்திரையும் வேண்டாம்' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அவர்கள் சொல்வது தலைவலி மாத்திரைக்குப் பொருந்தலாம். ஏ.ஆர்.டி.யை (எச்.ஐ.வி.க்குத் தினமும் எடுக்கும் கூட்டு மருந்தை) நிறுத்தினால் வைரஸ் சில வாரங்களிலேயே திரும்ப ஏறிவிடும். ஹெபடைட்டிஸ் பி-யும் சேர்ந்து இருப்பவர்கள் இரண்டு வைரஸுக்கும் வேலை செய்யும் டெனோஃபோவிர் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் கல்லீரலும் கெடும். மருந்து மாற்ற வேண்டுமென்றால் மருத்துவர் மாற்றுவார். அதுவரை எடுப்பதையே எடுத்துக்கொண்டிருங்கள்.

இப்போது பரவலாகத் தரப்படும் எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிர் கருவைப் பாதிக்கும் என்று இணையத்தில் படித்துப் பயந்துவிடாதீர்கள். 2018-ல் அப்படி ஓர் எச்சரிக்கை வந்தது உண்மை. அதன்பிறகு நிறையக் கர்ப்பங்களின் தரவு சேர்ந்ததும் அந்தப் பயம் விலகிவிட்டது. 2019-லேயே உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகள் உட்பட எல்லோருக்கும் இதை முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. பழைய கட்டுரைகள் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

கர்ப்பப் பரிசோதனையில்தான் எச்.ஐ.வி. இருப்பதே தெரிய வந்தது என்றால், உறுதிப்படுத்தும் பரிசோதனையை உடனே செய்து, முடிந்தால் அதே நாளில் மருந்தைத் தொடங்குங்கள். சி.டி.4 (நோய் எதிர்ப்புச் செல்கள்) எண்ணிக்கை வரட்டும், மருந்து எதிர்ப்புப் பரிசோதனை முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ரத்தத்தைக் கொடுத்துவிட்டு மாத்திரையைத் தொடங்கலாம். தாமதமாகத் தெரிந்தாலும் மனம் விட்டுவிடாதீர்கள். டோலுடெக்ராவிர் வைரஸைச் சில வாரங்களிலேயே வேகமாக இறக்கும். ஆனால் அந்தச் சில வாரங்கள் கையில் இருக்க வேண்டும். அதனால்தான் இந்த அவசரம்.

மசக்கை வாந்தியில் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிட்டால் திரும்பப் போடுவதா, எவ்வளவு நேரத்துக்குள் வந்தால் போடுவது என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதி ராத்திரியில் இதைக் கேட்க ஆள் கிடைக்காது. வாந்தி அதிகமாக வரும் வேளையைத் தவிர்த்து, மாத்திரை போடும் நேரத்தையே மாற்றிக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள்.

3. ஃபைல்

இதை யாரும் உங்களுக்காகத் தயார் செய்து தரமாட்டார்கள். ஒரு ஃபைல் வாங்கி, இவற்றின் நகல்களைத் தேதி வரிசையில் வையுங்கள்:

- எச்.ஐ.வி. உறுதியான ரிப்போர்ட்
- இப்போது எடுக்கும் மருந்து, அளவு, தொடங்கிய தேதி. முன்பு வேறு மருந்து எடுத்திருந்தால் அதன் பெயரும் ஏன் மாற்றினார்கள் என்பதும்
- இதுவரை எடுத்த எல்லா வைரல் லோடு, சி.டி.4 முடிவுகள்
- ஹெபடைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ், காசநோய் பரிசோதனைகள்
- ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள்
- எச்.ஐ.வி. மருத்துவர் மகப்பேறு மருத்துவருக்கு எழுதிய கடிதம்

கடைசியில் உள்ள கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. அதில் மருந்தின் பெயர், கடைசி வைரல் லோடு, பிரசவத்தின்போது ஊசி மருந்து வேண்டுமா வேண்டாமா, பிறந்ததும் குழந்தைக்கு என்ன மருந்து எத்தனை வாரம், தொடர்புகொள்ள வேண்டிய எண் ஆகிய ஐந்தும் இருக்கிறதா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். 'வழக்கமான சிகிச்சை தரவும்' என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால் திருப்பிக் கொடுத்து விவரமாகக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்து உள்ளே போகும்போது பணியில் இருக்கும் மருத்துவர் உங்களை முன்பின் பார்த்திருக்கமாட்டார். அவருக்கு இருக்கும் ஒரே தகவல் அந்தத் தாள்தான்.

ரகசியம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாருக்கு விஷயம் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதைச் செவிலியரிடம் தனியாகச் சொல்லி, கேஸ் ஷீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். ஃபைலின் அட்டையிலோ கட்டிலின் தலைமாட்டிலோ எதுவும் எழுதக் கூடாது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஃபைலை யார் தூக்கிக்கொண்டு வருவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். உதவிக்கு வரும் உறவுக்காரர் வரிசையில் நிற்கும்போது புரட்டிப் பார்ப்பார், அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எல்லாத் தாள்களையும் படம் எடுத்து, பூட்டு போட்ட தொகுப்பில் ஃபோனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. சத்து மாத்திரையும் ஏ.ஆர்.டி.யும்

மகப்பேறு மருத்துவர் இரும்புச் சத்தும் கால்சியமும் எழுதுவார். எச்.ஐ.வி. மருத்துவர் டோலுடெக்ராவிர் எழுதியிருப்பார். இரண்டும் வயிற்றில் ஒன்றாகச் சேர்ந்தால் இரும்பும் கால்சியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்துக்குள் போகவிடாமல் தடுக்கும். ஒரு நாள்கூட மாத்திரை தவறவில்லை, ஆனாலும் வைரல் லோடு இறங்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

விதி எளிது. வெறும் வயிற்றில் போடுவதாக இருந்தால் டோலுடெக்ராவிரை இரும்பு, கால்சியத்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். சாப்பாட்டோடு போட்டால் சேர்த்தே போடலாம். எனக்குப் பிரித்துப் போடுவதுதான் குழப்பமில்லாமல் இருந்தது. இரவு 9 மணிக்கு ஏ.ஆர்.டி., காலை 10 மணிக்கு இரும்பு, மதியம் 2 மணிக்கு கால்சியம். இரும்பும் கால்சியமும்கூட ஒன்றையொன்று கெடுக்கும் என்பதால் அவற்றையும் இப்படிப் பிரித்துவிட்டால் கவலையில்லை. கால்சியம் இரண்டு வேளை எழுதியிருந்தால் நேரத்தை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மக்னீசியம் கலந்த ஆன்டாசிடுக்கும் அதே 2 மணி, 6 மணிக் கணக்குதான். அதைச் சாப்பாட்டோடு சேர்த்தாலும் சரிவராது. ஒமிப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகள் டோலுடெக்ராவிருக்குப் பரவாயில்லை, ரில்பிவிரின் என்ற வேறொரு எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களுக்குக் கூடவே கூடாது. கர்ப்பகாலச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எழுதினால், டோலுடெக்ராவிர் எடுப்பதைச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினின் அளவு ரத்தத்தில் கூடும் என்பதால் பொதுவாக ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டவிடமாட்டார்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டோலுடெக்ராவிரை இரண்டு வேளையாக்க வேண்டும்.

சுருக்கமான வழி ஒன்று உண்டு. யார் எந்த மாத்திரை எழுதினாலும், கடையில் வாங்கும் டானிக்காக இருந்தாலும், 'இது என் ஏ.ஆர்.டி.யோடு ஒத்துப்போகுமா?' என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

5. வைரல் லோடு: தேதியைக் காலண்டரில் குறியுங்கள்

கர்ப்பத்தில் இது எத்தனை முறை என்பது நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாக முதல் சந்திப்பில் ஒன்று. மருந்து புதிதாகத் தொடங்கினாலோ மாற்றினாலோ 2 முதல் 4 வாரத்தில் இன்னொன்று, இறங்கும்வரை அவ்வப்போது. கடைசியாக 34 முதல் 36 வாரத்துக்குள் ஒன்று.

அந்தக் கடைசிப் பரிசோதனையை வைத்துத்தான் எல்லாம் முடிவாகிறது: சுகப்பிரசவமா சிசேரியனா, உங்களுக்கு ஊசி மருந்து வேண்டுமா, குழந்தைக்கு ஒரு மருந்தா இரண்டு மூன்றா. முடிவு வரச் சில இடங்களில் இரண்டு நாள் ஆகும், சில இடங்களில் இரண்டு வாரத்துக்கு மேலும் இழுக்கும். 36-வது வாரத்தில் ரத்தம் எடுத்து, 38-ல் முடிவு வந்து, அதற்குள் வலி வந்துவிட்டால் என்ன பயன்? 'முடிவு வர எத்தனை நாள்?' என்று ஆய்வகத்தில் கேட்டு, 36-வது வாரம் தாள் கையில் இருக்கும்படி பின்னோக்கி எண்ணி ரத்தம் கொடுங்கள். முடிவு வந்ததும் அதை மகப்பேறு மருத்துவரின் குறிப்பில் உங்கள் கண் முன்னால் ஏற்றச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்றும் இருக்கலாம், '50-க்கும் குறைவு' (ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் உள்ள வைரஸ் பிரதிகளின் எண்ணிக்கை) என்றும் இருக்கலாம். பிரசவத் திட்டத்துக்கு இரண்டுமே நல்ல செய்திதான்.

6. பிரசவ முறை, மருத்துவமனை, செலவு

எச்.ஐ.வி. என்றாலே சிசேரியன் என்பது உண்மையில்லை. வைரல் லோடு 50-க்குக் கீழே இருந்து, வேறு மகப்பேறு காரணம் எதுவும் இல்லையென்றால் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. 1000-க்கு மேல் இருந்தால் வலி வருவதற்கு முன்பே, 38-வது வாரத்தில், சிசேரியன் செய்வது பலனளிக்கிறது. அப்போது அறுவைக்குச் சுமார் 3 மணி நேரம் முன்பிருந்தே ஜிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். நடுவில் உள்ள எண்களுக்கு நாட்டுக்கு நாடு விதி மாறும். சில நாடுகளில் 400-க்கு மேல் போனாலே சிசேரியன் என்கிறார்கள். காரணம் சொல்லாமல் சிசேரியனுக்குத் தேதி கொடுத்தால், 'என் வைரல் லோடுக்காகவா, வேறு காரணத்துக்காகவா?' என்று நேராகவே கேளுங்கள்.

மருத்துவமனையைப் பிரசவத்துக்குச் சேரும் நாளில் தேடாதீர்கள். 28-வது வாரத்துக்குள் நேரில் போய் இதையெல்லாம் விசாரியுங்கள்: எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பிரசவம் பார்த்த அனுபவம் இருக்கிறதா, ராத்திரியிலும் குழந்தைக்கான சிரப் இருப்பில் இருக்குமா, ஊசி ஜிடோவுடின் கிடைக்குமா, தனிக் கட்டணம் ஏதும் உண்டா. ஓரிடத்தில் என்னிடம், 'தியேட்டர் பட்டியலில் கடைசியாகத்தான் எடுப்போம், சுத்தம் செய்யக் கூடுதல் பணம்' என்றார்கள். இதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. கையுறை, கண்ணாடி, கருவிகளைக் கிருமி நீக்குவது போன்ற பாதுகாப்பு எல்லா நோயாளிக்கும் ஒன்றுதான். அப்படிப் பேசும் இடத்தை விட்டு வேறு இடம் பார்க்க நேரம் இருக்கும்போதே போய்விடுவது நல்லது.

செலவைப் பொறுத்தவரை, பல நாடுகளில் அரசுத் திட்டத்தில் ஏ.ஆர்.டி.யும் குழந்தைக்கான மருந்தும் இலவசம். வைரல் லோடு பரிசோதனையும் பெரும்பாலும் அதில் அடங்கும், ஆனால் வருடத்துக்கு இத்தனை என்ற கணக்கு இருக்கலாம். கர்ப்பிணிக்குக் கூடுதலாக உண்டா என்று கேளுங்கள். காசு கரையும் இடங்கள் வேறு: தனியார் ஆய்வகத்தில் அவசரமாக எடுக்கும் பரிசோதனை, சிசேரியன், திரும்பத் திரும்பப் போகும் பயணம், புட்டிப்பால் என்று முடிவெடுத்தால் ஒரு வருடத்துக்கான பால் பவுடர். காப்பீடு இருந்தால் எச்.ஐ.வி. தொடர்பான செலவை ஏற்பார்களா, பில்லில் நோயின் பெயர் எப்படி அச்சாகும், அந்தப் பில் யார் கைக்குப் போகும் என்பது வரை விசாரியுங்கள்.

7. வலி வந்ததும்

34-வது வாரத்திலேயே பையைக் கட்டிவிடுங்கள். ஃபைல், ஒரு வாரத்துக்கான ஏ.ஆர்.டி., குழந்தைக்கான சிரப் முன்பே கையில் கொடுத்திருந்தால் அது. மருத்துவமனை மருந்தகத்தில் உங்கள் மாத்திரை இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

பனிக்குடம் உடைந்தால் வலி வரட்டும் என்று வீட்டில் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

உள்ளே போனதும் முதல் வாக்கியமாக மருந்தின் பெயரையும் கடைசி வைரல் லோடையும் சொல்லிக் கடிதத்தைக் கொடுங்கள். இனி இந்த மூன்றில் கவனம் வையுங்கள். ஒன்று, சிசேரியனுக்காக 'எதுவும் வாயில் வைக்காதே' என்பார்கள், ஏ.ஆர்.டி. வேளை வந்தால் ஒரு வாய் தண்ணீரோடு போட அனுமதி கேளுங்கள். பொதுவாகத் தருவார்கள். இரண்டு, வைரல் லோடு இறங்காதவர்களுக்குப் பனிக்குடத்தைச் செயற்கையாக உடைப்பது, குழந்தையின் தலையில் மின்முனை பொருத்துவது, ஆயுதம் போட்டு எடுப்பது எல்லாம் முடிந்தவரை தவிர்க்கப்பட வேண்டியவை. மூன்று, ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் சேர்ந்த மருந்து எடுப்பவர் என்றால், ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் மெத்தில் எர்கோமெட்ரின் ஊசி ரத்தக் குழாய்களை ஆபத்தான அளவுக்குச் சுருக்கிவிடலாம். ஆக்சிடோசின் போன்ற மாற்று இருக்கிறது. மூன்றையும் முன்பே கடிதத்தில் எழுதி வாங்கிவிட்டால் வலியோடு வாதாட வேண்டியதில்லை.

8. குழந்தைக்கு முதல் மருந்து

பிறந்த சில மணி நேரத்துக்குள், 6 மணி நேரத்தைத் தாண்டாமல், முதல் சொட்டு உள்ளே போக வேண்டும். நெவிரபின் அல்லது ஜிடோவுடின் சிரப், அல்லது இரண்டும். நீங்கள் மருந்து தொடங்கி 4 வாரம்கூட ஆகவில்லை, அல்லது வைரல் லோடு அதிகம் என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து தருவார்கள். எத்தனை வாரம் என்பது 2 முதல் 6, சில சமயம் அதற்கு மேலும்.

உங்கள் கணவரோ அம்மாவோ, விஷயம் தெரிந்த ஒருவர், இந்த ஒரு வேலைக்கு மட்டும் பொறுப்பாக இருக்கட்டும். நீங்கள் தியேட்டரில் இருப்பீர்கள். 'குழந்தைக்குச் சிரப் கொடுத்தாயிற்றா, எத்தனை மணிக்கு?' என்று அவர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆகும்முன், அளவை மில்லிலிட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். மில்லிகிராமில் எழுதியதைப் பார்த்து மில்லிலிட்டராக உறிஞ்சிவிட்டால் குழந்தைக்குப் பல மடங்கு போய்விடும். ஊசி இல்லாத சிரிஞ்சில் அந்தக் கோடு வரை மருந்தை இழுத்து, செவிலியர் முன்னால் நீங்களே ஒருமுறை கொடுத்துக் காட்டுங்கள். எடை கூடும்போது அளவும் மாறும். முழு வாரங்களுக்கும் சேர்த்து மருந்தைக் கையில் வாங்கிய பிறகே கிளம்புங்கள். பார்க்க வருபவர்கள் 'என்ன மருந்து?' என்று கேட்பார்கள். தொற்று வராமல் தடுக்க டாக்டர் கொடுத்தது என்றால் போதும், அது பொய்யும் இல்லை.

9. எந்தப் பால்?

இதில் ஒரே விடை கிடையாது. தாய் மருந்து எடுத்து வைரஸ் அடங்கியிருந்தால் தாய்ப்பால் வழியாகத் தொற்று போகும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் பூஜ்யம் இல்லை. சுத்தமான தண்ணீரும் பால் பவுடரும் தடையில்லாமல் கிடைத்தால் புட்டிப்பாலில் அந்தச் சிறு வாய்ப்பும் இல்லை. அவை நிச்சயமில்லாத இடத்தில் வயிற்றுப்போக்கும் சத்துக் குறைவும் குழந்தைக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் மருந்தோடு சேர்ந்த தாய்ப்பாலை ஆதரிக்கிறது. சில நாடுகள் புட்டிப்பாலைப் பரிந்துரைத்து, தாய்ப்பால் கொடுக்க விரும்புபவருக்கு அடிக்கடி பரிசோதனையோடு துணை நிற்கின்றன. முடிவைப் பிரசவத்துக்கு முன்பே எடுங்கள்.

தாய்ப்பால் என்றால் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர், மாட்டுப்பால், கஞ்சி எதுவும் வேண்டாம். மார்புக் காம்பில் வெடிப்போ, சீழோ, வீக்கமோ வந்தால் அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். பால் கொடுக்கும் காலம் முழுக்க ஒரு வேளை மாத்திரைகூடத் தவறக் கூடாது. புட்டிப்பால் என்றால், பால் சுரப்பை நிறுத்தும் மாத்திரையைப் பிரசவம் ஆனதுமே கேளுங்கள். மார்பு கட்டிக்கொண்ட பிறகு படும் வேதனை கொடுமை. 'ஏன் பால் கொடுக்கவில்லை?' என்ற கேள்விக்கும் ஒரு பதிலை முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், வந்தே தீரும்.

10. பிரசவத்துக்குப் பிறகு உங்கள் மாத்திரை

தூக்கம் இல்லை, நேரம் தெரியவில்லை, குழந்தையின் மருந்து மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கும். பலருக்கு வைரல் லோடு திரும்ப ஏறுவது இந்த மாதங்களில்தான். குழந்தையின் சிரப்பும் உங்கள் மாத்திரையும் ஒரே அலாரத்தில் இருக்கட்டும். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கருத்தடைக்குக் கைத்தோலுக்கு அடியில் வைக்கும் இம்பிளாண்ட் என்றால், எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களுக்கு அதன் பலன் குறையும். முன்பே சொல்லுங்கள்.

11. குழந்தையின் பரிசோதனைகள்

குழந்தைக்குச் சாதாரண எச்.ஐ.வி. ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) பரிசோதனை செய்தால் பாசிட்டிவ் என்று வரலாம். அது உங்கள் உடம்பிலிருந்து போன ஆன்டிபாடி. 18 மாதம் வரைகூட இருக்கும். ஏதோ ஒரு கிளினிக்கில் தெரியாமல் இந்தப் பரிசோதனையை எடுத்துவிட்டு மாதக்கணக்கில் அழுதவர்கள் உண்டு. அதுவரை தேவைப்படுவது வைரஸையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை. சில இடங்களில் பிறந்ததும் ஒன்று, பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் ஒன்று, பிறகு இன்னும் சில. தாய்ப்பால் கொடுத்தால் பால் நிறுத்தி 3 மாதம் கழித்தும் பார்க்க வேண்டும். எல்லாத் தேதிகளையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டவணையில் எதையாவது தள்ளிப்போட வேண்டுமா என்றும் அப்போதே கேளுங்கள்.

முதல் பி.சி.ஆர். நெகட்டிவ் என்றதும் பலர் அடுத்ததற்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். தொற்று இல்லை என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை போக வேண்டும். அந்த இறுதி ரிப்போர்ட்டின் அசலையும் இரண்டு நகல்களையும் வாங்கி, குழந்தையின் பெயரில் தனி ஃபைல் போட்டு அதில் வையுங்கள். நாளைக்குக் குழந்தையைக் காய்ச்சலுக்குக் கூட்டிப்போனாலும், உங்கள் தாள்களைக் காட்ட வேண்டிய அவசியம் வராது.